முதலாளி போன் செய்வதே இல்லை

“பத்திரிகையும் டிவியும் சில பணக்காரர்கள் கையில் இருக்கின்றன. அவர்கள் சொல்வதைத்தான் மக்கள் நம்புகிறார்களா, இல்லை மக்கள் கேட்க விரும்புவதைத்தான் அவர்கள் சொல்கிறார்களா? நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாளியின் கொள்கை செய்திக்குள் எப்படி வருகிறது என்பது ஒன்று. வந்தபின் அது படிக்கிறவரின் மனதையும் ஓட்டையும் மாற்றுகிறதா என்பது வேறொன்று. முதலாவதுக்கு ஆமாம் என்று பதில் கிடைத்தவுடன் இரண்டாவதுக்கும் அதே பதிலை எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், பேச்சு தடம் மாறுவது அங்கேதான். நான் 19 வருடம் செய்தி டெஸ்க்கில் உதவி ஆசிரியராக இருந்தேன். அப்புறம் 8 வருடமாக இதழியல் பாடம் எடுக்கிறேன். முதல் கேள்விக்கு டெஸ்க்கில் பார்த்ததை வைத்தும், இரண்டாவதுக்குப் பாடம் நடத்துவதற்காகப் படித்த ஆய்வுகளை வைத்தும் சொல்கிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இருப்பவர்கள் கற்பனை செய்வது இப்படி: முதலாளி ராத்திரி போன் போட்டு “இதைப் போடு, அதைத் தூக்கு” என்கிறார், ஆசிரியர் சரி என்கிறார். என் 19 வருடத்தில் முதலாளியிடமிருந்து எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. தேவைப்படவில்லை. ஒரு நாள் ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் சாரம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்துவிட்டார்கள். நிருபர் கட்டுமான நிறுவனத்தின் பெயர், இறந்தவர்களின் ஊர், போலீஸ் என்ன வழக்குப் போட்டது எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தார். நல்ல காப்பி, நிருபர் அனுப்பும் செய்திப் பிரதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஏழு மணிக்கு விளம்பரப் பிரிவிலிருந்து டம்மி வந்தது, அதாவது எந்தப் பக்கத்தில் விளம்பரத்துக்கு எவ்வளவு இடம் என்று கட்டம் போட்டுக் காட்டும் தாள். கடைசிப் பக்கம் முழுதும் அதே நிறுவனத்தின் புதுக் குடியிருப்புக்கான விளம்பரம். டம்மியைக் கொண்டுவந்த பையன் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான், யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் காப்பியைத் திறந்தேன். நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு “தனியார் கட்டுமான நிறுவனம்” என்று எழுதினேன். மூன்று காலம், அதாவது மூன்று பத்தி அகலத்துக்கு வந்திருக்க வேண்டிய செய்தியை ஒற்றைக் காலமாகச் சுருக்கி ஐந்தாம் பக்கத்தின் அடியில் வைத்தேன். செய்தி ஆசிரியர் பக்கத்தைப் பார்த்தார், தலையாட்டினார், பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. நிருபர் மறுநாள் வந்து என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த முறை அதுமாதிரி ஒரு விபத்து நடந்தபோது அவரே பெயர் இல்லாமல் அனுப்பினார்.

இதில் உத்தரவும் கிடையாது, சதியும் கிடையாது. நாளைக்கு விசாரணைக் கமிஷன் வைத்தாலும் ஒரு துண்டுச் சீட்டுகூடச் சிக்காது. முதலாளி செய்ததெல்லாம் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததுதான். அவர் தனக்கு ஒத்துவரும் ஆசிரியரை வைக்கிறார், அந்த ஆசிரியர் தனக்கு ஒத்துவரும் செய்தி ஆசிரியரை வைக்கிறார், யாருக்கு இன்கிரிமென்ட் கிடைத்தது, யாரை மாவட்டப் பதிப்புக்குத் தூக்கி அடித்தார்கள் என்பதைப் பார்த்து என்னைப் போன்றவர்கள் பாடம் படித்துக்கொள்கிறோம். மூன்றே மாதத்தில் எது ‘நம்ம பேப்பர் செய்தி’, எது இல்லை என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கொள்கை என்பது தலையங்கத்தில் இருப்பதைவிட இந்தப் பழக்கத்தில்தான் அதிகம் இருக்கிறது.

தனியார் முதலாளியால் மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். 1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது பிபிசிக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. அரசாங்கம் நினைத்திருந்தால் அதைக் கையகப்படுத்தியிருக்கலாம், அப்போது நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அதைத்தான் வற்புறுத்தினார். கையகப்படுத்தவில்லை. ஆனால் பிரதமர் பால்ட்வின் வானொலியில் பேசினார், எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டு பேசக் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. கைப்பற்றப்படாமல் தப்பிப்பதற்குக் கொடுத்த விலை என்று அதைச் சொல்லலாம். நான் அந்தப் பெயரை அடித்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம், குணம் ஒன்றுதான்.

முதலாளிக்கும் அரசியல்வாதிக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் போகும். ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் 1981இல் லண்டனின் டைம்ஸ், சண்டே டைம்ஸ் பத்திரிகைகள் இரண்டையும் வாங்கியபோது பிரிட்டிஷ் அரசு அதை ஏகபோகக் கமிஷனின் விசாரணைக்கு அனுப்பாமலே விட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த வருடம் ஜனவரி 4ஆம் தேதி, அவர் பிரதமர் தாட்சரோடு பிரதமரின் கிராமத்து இல்லமான செக்கர்ஸ் மாளிகையில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட விஷயம் 2012இல் ஆவணங்கள் திறக்கப்பட்டபோதுதான் வெளியே வந்தது. அந்தச் சாப்பாட்டில் பேரம் நடந்தது என்று ஆவணம் சொல்லவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை. ஒருவர் கையில் பத்திரிகை, இன்னொருவர் கையில் அனுமதி. எதிரெதிரே உட்கார்ந்து சூப் குடித்தாலே போதும், பேச என்ன இருக்கிறது?

இந்த அதிகாரத்துக்கு என்ன விலை என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். ஒரே ஒரு இடத்தில், கணக்குப் புத்தகத்தோடு கிடைத்தது. தென் அமெரிக்க நாடான பெருவில் ஃபுஜிமோரி அதிபராக இருந்தபோது அவருடைய உளவுத்துறைத் தலைவர் மாண்டெசினோஸ் எல்லோருக்கும் லஞ்சம் கொடுத்தார், கொடுத்ததை எல்லாம் வீடியோவும் எடுத்து வைத்தார், ரசீதும் வாங்கிக்கொண்டார். (இவ்வளவு ஒழுங்கான ஊழலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.) ஆட்சி கவிழ்ந்த பிறகு மெக்மில்லன், சோய்டோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அந்தத் தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டிவி சேனல் முதலாளிக்குக் கொடுத்தது ஒரு நீதிபதிக்கோ அரசியல்வாதிக்கோ கொடுத்ததைப்போல சுமார் நூறு மடங்கு. நீதிமன்றம், நாடாளுமன்றம், டிவி மூன்றையும் விலைக்கு வாங்கிய ஒரு மனிதர், தன் சொந்த அனுபவத்தில் எது ஆபத்தானது என்று நினைத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அவர் விட்டுவைத்தது கனல் என் என்ற சின்னக் கேபிள் சேனலை. சந்தாக்காரர்கள் குறைவு, பொருட்படுத்த வேண்டாம் என்று விட்டார் போல. 2000 செப்டம்பரில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு அவர் பணம் எண்ணிக் கொடுக்கும் வீடியோவை ஒளிபரப்பியது அந்தச் சேனல்தான். இரண்டே மாதத்தில் ஃபுஜிமோரி ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு ராஜினாமா அனுப்பினார்.

சரி, இரண்டாவது கேள்வி. இதெல்லாம் ஓட்டை மாற்றுகிறதா? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு சேனலைப் பார்க்கிறவர்கள் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பதால் சேனல்தான் போட வைத்தது என்று ஆகாது. அந்தக் கட்சியைப் பிடித்திருப்பதால்தான் அந்தச் சேனலையே வைக்கிறார்கள் என்றும் இருக்கலாம். கோழியா முட்டையா பிரச்சினை. இதைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சேனல் சில ஊர்களுக்கு முன்னாலும் சில ஊர்களுக்குப் பின்னாலும் போயிருக்கும், அதற்கும் அந்த ஊர்களின் அரசியலுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்த இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டால் சேனலின் வேலை எவ்வளவு என்று தெரியும். அமெரிக்காவில் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் தொடங்கியது. அதைக் கேபிளில் கொடுத்த ஊர்களையும் கொடுக்காத ஊர்களையும் டெல்லாவிக்னா, காப்லான் இருவரும் ஒப்பிட்டார்கள். 2000 அதிபர் தேர்தலில் ஃபாக்ஸ் வந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தத் தேர்தலை முடிவு செய்த புளோரிடாவில் வித்தியாசம் 537 ஓட்டு என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்ப அந்த எண்ணைப் பாருங்கள்.

ரஷ்யாவில் எண் இன்னும் பெரியது. 1999 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலின்போது நாடு முழுவதும் தெரிந்த சேனல்களில் அரசின் கையில் இல்லாதது என்டிவி ஒன்றுதான், அதன் சிக்னல் மக்கள்தொகையில் சுமார் முக்கால் பங்குக்குப் போய்ச் சேர்ந்தது. சிக்னல் கிடைத்த இடங்களில் அரசு ஆதரவுக் கட்சிக்கு ஓட்டு சுமார் 9 சதவீதப் புள்ளி குறைந்தது என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் அரைப் புள்ளி, இங்கே ஒன்பது. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கர்களுக்குக் கட்சிகளைப் பல தலைமுறையாகத் தெரியும், பத்து சேனலும் இருந்தது. ரஷ்யாவில் ஆளுங்கட்சியே சில மாதங்களுக்கு முன் முளைத்தது, மாற்றுக் குரல் ஒன்றே ஒன்று. பழைய கட்சி, பல குரல் இருக்கும் இடத்தில் ஊடகம் தோளைத் தட்டுகிறது, புதுக் கட்சி, ஒற்றைக் குரல் என்றால் கழுத்தைப் பிடித்தே திருப்பிவிடும். 2001 ஏப்ரலில் அரசு சார்ந்த காஸ்ப்ரோம் என்டிவியைக் கைப்பற்றியது. பெருவின் உளவுத்துறைத் தலைவர் மாதிரியே இவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்.

நீங்கள் கேட்ட மறுபாதி, மக்கள் கேட்க விரும்புவதைத்தான் விற்கிறார்களா என்பது. இதையும் லேசில் தள்ள முடியாது. ஜென்ட்ஸ்கோ, ஷபீரோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க தினசரிகளின் சொற்களை எண்ணினார்கள். இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்குப் போடும் ஒரே வரியை ஒரு கட்சி எம்.பி.க்கள் ‘எஸ்டேட் வரி’ என்பார்கள், மறு கட்சி எம்.பி.க்கள் ‘சாவு வரி’ என்பார்கள். எந்தப் பத்திரிகை யாருடைய சொல்லை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் அதன் சாய்வு தெரிந்துவிடும். 2010இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை: பத்திரிகையின் சாய்வு முதலாளி யார் என்பதோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை, அந்த ஊர் வாசகர்களின் அரசியலோடுதான் ஒத்துப்போனது. ஒரே முதலாளியின் இரண்டு பத்திரிகைகள் இரண்டு ஊரில் இரண்டு விதமாகப் பேசின.

வாசகர் முதலாளியையே மிரட்டும் சந்தர்ப்பமும் உண்டு. 2020 தேர்தல் இரவில் அரிசோனாவில் பைடன் ஜெயிப்பார் என்று மற்றவர்களுக்கு முன்னால் அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ். அதன் நேயர்கள் கொதித்துப்போய் இன்னும் வலதுபக்கம் இருந்த வேறு சேனலுக்குத் தாவ ஆரம்பித்தார்கள். அப்புறம் என்ன நடந்தது என்பது டொமினியன் என்ற வாக்குப்பதிவு இயந்திர நிறுவனம் போட்ட அவதூறு வழக்கில் வெளியான மெசேஜ்களில் இருக்கிறது. தேர்தலில் மோசடி என்ற கதையை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் சிலர் தங்களுக்குள் கேலி செய்துகொண்டார்கள், திரையில் அதே கதைக்கு இடம் கொடுத்தார்கள், நேயர் போய்விடுவாரே என்ற பயத்தைத் தங்கள் கையாலேயே எழுதியும் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது நிறுவனம். இங்கே யார் யாரை ஆட்டுவித்தார்கள்? இருபது வருடமாகப் பழக்கிய நேயர் திரும்பிப் பழக்கியவனையே பிடித்துக்கொண்டார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

அப்படியானால் முதலாளி பாவம், வாசகர் சொல்வதைக் கேட்கிறார் என்று முடித்துவிடலாமா? முடியாது. சின்க்ளேர் என்ற அமெரிக்க நிறுவனம் உள்ளூர் டிவி நிலையங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டே போனது. 2017இல் அது வாங்கிய நிலையங்களை, வாங்கப்படாத பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. வாங்கிய பிறகு உள்ளூர் அரசியல் செய்தி குறைந்தது, தேசிய அரசியல் செய்தி கூடியது, பேச்சு வலதுபக்கம் நகர்ந்தது, பார்க்கிறவர்கள் எண்ணிக்கை லேசாகக் குறைந்தது. அந்தக் கடைசி விஷயம்தான் துருப்பு. நேயர் கேட்டதைக் கொடுத்திருந்தால் கூட்டம் குறைந்திருக்காதே. அடுத்த வருடம் அந்த நிறுவனத்தின் பல ஊர்ச் செய்தி வாசிப்பாளர்கள் மேலிடம் அனுப்பிய ஒரே உரையை வார்த்தை மாறாமல் வாசித்ததை யாரோ வெட்டி ஒட்டி ஒரே வீடியோவாக்கிப் போட்டார்கள். பல வாய், ஒரே வாக்கியம். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினால் முதலில் சிரிப்பார்கள், முப்பது நொடியில் சிரிப்பு நின்றுவிடும்.

என் முடிவு இது, வேறு மாதிரி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்: பத்திரிகை வாசகர் காசில் பிழைக்கிற வரைக்கும் வாசகருக்குப் பயப்படும். அது முதலாளியின் வேறு தொழிலுக்குக் காவல்நாயாக மாறும்போது நஷ்டத்தைப் பற்றிக் கவலையில்லை, வாசகர் போனாலும் பரவாயில்லை. அதனால் ஒரு சேனலை எடைபோட முதலாளியின் கட்சி என்ன என்று கேட்பதைவிட, அவருடைய மற்ற வருமானம் எங்கிருந்து வருகிறது, அதற்கு யாருடைய கையெழுத்து தேவை என்று கேட்பது அதிகப் பலன் தரும். வாஷிங்டன் போஸ்டை 2013இல் 25 கோடி டாலருக்கு வாங்கிய ஜெஃப் பெசோஸ் பல வருடம் அதன் செய்தி விஷயத்தில் தலையிடவில்லை என்பதை அங்கே வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். 2024 அக்டோபரில், தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, இனி எந்த அதிபர் வேட்பாளரையும் ஆதரித்து எழுதப்போவதில்லை என்று பத்திரிகை அறிவித்தது. தன் மற்ற தொழில்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய அமேசானும் ராக்கெட் கம்பெனியும் அரசாங்கக் காண்டிராக்ட் எடுக்கின்றன என்று தெரிந்த வாசகர் எப்படி நம்புவார்? சில நாட்களில் இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்தார்கள்.

இதுவரை சொன்னது செய்தியைப் பற்றி. செய்தியே இல்லாத டிவியும் அரசியல் செய்யும் என்பதுதான் நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கிய விஷயம். இத்தாலியில் 1980களின் தொடக்கத்தில், பின்னால் பிரதமரான டிவி முதலாளி பெர்லுஸ்கோனியின் சேனல்கள் சில ஊர்களுக்கு முதலில் போயின, சில ஊர்களுக்கு வருடங்கள் கழித்துப் போயின. அப்போது அவற்றில் செய்தி கிடையாது. சினிமா, தொடர், பாட்டு, பரிசுப் போட்டி. அவர் அரசியலுக்கு வரப்போகிறார் என்பது அவருக்கே அப்போது தெரிந்திருக்காது. 1994இல் அவர் கட்சி ஆரம்பித்துத் தேர்தலில் நின்றபோது, முதலில் சிக்னல் கிடைத்த ஊர்களில் அவருக்கு சுமார் ஒரு சதவீதப் புள்ளி கூடுதலாக ஓட்டு விழுந்தது, அடுத்த பல தேர்தல்களிலும் அது தொடர்ந்தது. ஏன்? சின்ன வயதில் அந்தச் சேனல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் பெரியவர்களானபின் வாசிப்பு, கணக்குத் தேர்வுகளில் குறைவாக எடுத்தார்கள், பொதுக் காரியங்களில் ஈடுபாடும் குறைவு, எளிமையாகப் பேசுகிற தலைவரிடம் சுலபமாக ஈர்க்கப்பட்டார்கள் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஒரு சதவீதப் புள்ளி கூடியது என்பது உறுதியான பகுதி. அதற்கான காரணம் விளக்கம்தான், நான் ஏற்கிறேன், ஆனால் எண் அளவுக்கு உறுதியாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது என் ஐந்தாம் பக்கத்து ஒற்றைக் காலத்துக்குத் திரும்புகிறேன். 2020 செப்டம்பரில் புரூக்மன், கல்லா என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். வழக்கமாக ஃபாக்ஸ் நியூஸ் பார்க்கிறவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, மணிக்கு 15 டாலர் கொடுத்து, ஒரு மாதம் வாரம் ஏழு மணி நேரம் வரை எதிர்ப்பக்கச் சேனலான சிஎன்என் பார்க்க வைத்தார்கள். பார்த்தார்களா என்று கேள்வி கேட்டுச் சரிபார்த்தும் கொண்டார்கள். அவர்கள் கட்சி மாறவில்லை. ஆனால் கொரோனாவைப் பற்றியும் தபால் ஓட்டைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் மாறின, சில அபிப்பிராயங்களும் நகர்ந்தன. முக்கியமாக, டிரம்ப் தப்பு செய்தால் ஃபாக்ஸ் அதைப் பேசாது என்று ஒத்துக்கொள்கிறவர்கள் அதிகமானார்கள். பல வருடம் பார்த்த சேனலில் எது இல்லை என்பது, வேறு சேனலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது! காசு நின்றதும் பழைய சேனலுக்கே திரும்பினார்கள், இரண்டு மாதத்தில் பெரும்பாலான மாற்றம் கரைந்துவிட்டது. பொய் சொன்னால் ஒரு நாள் மாட்டிக்கொள்ளலாம், வழக்குப் போட்டுக் கோடி கோடியாகக் கறக்கலாம். போடாமல் விட்டதற்கு யார் வழக்குப் போடுவது? நான் அந்த நிறுவனத்தின் பெயரை அடித்ததால் அங்கே வீடு வாங்கிய யாருக்கும் தாங்கள் எதைத் தெரிந்துகொள்ளவில்லை என்று தெரியாது.

போடாமல் விடுவதன் உச்சம் பத்திரிகையே இல்லாமல் போவது. அமெரிக்காவில் சின்சினாட்டி போஸ்ட் என்ற சின்னத் தினசரி 2007 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. கடைசியில் விற்பனை 27,000 பிரதிதான், எதிரே பெரிய பத்திரிகை ஒன்று இருந்தது, நஷ்டமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பத்திரிகை அதிகமாகக் கவனித்துவந்த, ஒஹையோ ஆற்றுக்கு அந்தப் பக்க ஊர்களில் அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தல்களில் போட்டியிடுகிறவர்கள் குறைந்தார்கள், பதவியில் இருந்தவர்களே மறுபடி ஜெயிப்பது கூடியது, ஓட்டுப் போட வருகிறவர்களும் குறைந்தார்கள். இதுபோல மறுபக்கமும் உண்டு. இந்திய மாநிலங்களின் 1958 முதல் 1992 வரையான கணக்கை எடுத்துப் பார்த்த பெஸ்லி, பர்கெஸ் ஆய்வில், பத்திரிகை அதிகம் விற்கும் மாநிலங்களில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அரசு வேகமாக அசைந்தது. அந்த வேலையைச் செய்தவை ஆங்கிலப் பத்திரிகைகள் அல்ல, மாநில மொழிப் பத்திரிகைகள். இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் வகுப்பில் சொல்வேன்.

எங்கே கால் ஊன்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊடகம் கையில் இருந்தால் ஆட்சி நிரந்தரம் என்பது தப்பு. போலந்தில் எட்டு வருடம் அரசு டிவியைக் கட்சி டிவி மாதிரி நடத்தினார்கள், 2023 அக்டோபரில் ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது. சமூக வலைத்தளங்களைப் பற்றி இன்னும் அதிக சத்தம், குறைவான உறுதி. மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கியதும் யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் அல்காரிதத்தையே ஒரு முதலாளி வைத்திருக்கிறாரே என்ற பயம் வந்தது, நியாயமான பயம். ஆனால் 2020 தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அல்காரிதத்தை அணைத்துவிட்டு, பதிவுகளைத் தேதி வரிசையில் மூன்று மாதம் காட்டிப் பார்த்தபோது பார்த்த விஷயங்கள் மாறின, அரசியல் மனப்பான்மை மாறவில்லை. மூன்று மாதம் போதாது என்று சிலர் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், காரணம் லிவர்பூல். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் கூட்ட நெரிசலில் லிவர்பூல் அணியின் ரசிகர்கள் இறந்தபோது பிரிட்டனின் சன் பத்திரிகை இறந்தவர்களின் ஊர்க்காரர்கள் மீதே பழிபோட்டு முதல் பக்கத்தில் எழுதியது. அன்றிலிருந்து அந்த வட்டாரம் சன்னை வாங்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தைத் திட்டியே வளர்ந்த அந்தப் பத்திரிகை இல்லாமல் போன இடத்தில், ஒன்றியத்தின் மீதான வெறுப்பு மற்ற வட்டாரங்களைவிடக் குறைந்தது என்று ஆய்வு காட்டுகிறது. அது மூன்று மாதத்தில் நடந்ததல்ல, பத்து இருபது வருடம் தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அந்த மாதிரி சேர்மானத்தை ஓட்டுக் கணக்கால் அளப்பது கஷ்டம். சாதி, மதம், வேற்று நாட்டவர், பெண் இவர்களைப் பற்றி ஒரு சமூகத்தின் சாதாரணப் பேச்சு எப்படி மாறுகிறது என்பதில் ஊடகத்தின் பங்கு பெரியது என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

யார் கையில் இருந்தால் நல்லது என்று அடுத்து கேட்பீர்கள். அறக்கட்டளை என்றால் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகையைச் சொல்வார்கள், 1936இலிருந்து அது ஒரு டிரஸ்டிடம்தான் இருக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஹங்கேரியில் 2018 நவம்பரில் ஆளுங்கட்சிக்கு வேண்டிய முதலாளிகள் 400க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே நாளில் ஒரு அறக்கட்டளைக்குத் ‘தானம்’ செய்தார்கள், போட்டி விதிகளின்படி ஆராய வேண்டியதில்லை என்று அரசும் உத்தரவு போட்டது. பெயர் அதே அறக்கட்டளைதான். ஆகவே போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விடுங்கள். ஆசிரியரை வேலையை விட்டு எடுக்க யாரால் முடியும், எவ்வளவு சுலபமாக முடியும் என்று பாருங்கள்.

கடைசியாக, நான் எதைப் பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். காலையில் முதலில் செய்தி ஏஜென்சிகளின் தளம், ஏனென்றால் அவர்கள் எதிரெதிர் கட்சிப் பத்திரிகைகளுக்கும் ஒரே காப்பியை விற்றாக வேண்டும். அப்புறம் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு தினசரிகள். எனக்குப் பிடிக்காததை முதலில் படிப்பேன், அதில் பெரிதாக வந்து எனக்குப் பிடித்ததில் வராத செய்தி எது என்று பென்சிலில் சுற்றி வைப்பேன். வாரத்துக்கு நாலைந்து தேறும். “தனியார் நிறுவனம்” என்று எங்கே கண்ணில் பட்டாலும் அந்தப் பதிப்பின் முழுப்பக்க விளம்பரங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவேன். டிவி விவாதம் பார்ப்பதை விட்டு 6 வருடம் ஆகிறது. வீட்டில் பார்க்கிறார்கள், சத்தம் அடுத்த அறையில் இருக்கும் என் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.